பெட்டிக்குத் தீட்டில்லை

கழுத்தில் போட்டுவிட்ட பொன்னாடையின் ஜரிகை வியர்வையில் ஊறி அரித்துக்கொண்டிருந்தது. கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். முதுகுக்குப் பின்னால் கோயில் ஒலிபெருக்கி ‘ஓம் சக்தி, ஓம் சக்தி’ என்று ஒரே குரலில், ஒரே இடைவெளியில், மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஆயர் ஈத்தாம் பசார் என்ற சந்தையைப் பார்த்து இறங்கி நடந்துகொண்டிருந்தேன். கோயிலில் சாப்பாடு போட ஆரம்பித்திருந்தார்கள். சூடான சோறு வாழையிலையில் விழும் வாசனை தெருமுனைவரை வந்தது. ஜொகூரிலிருந்து பஸ் ஏறியதிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தாலும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

கோயிலின் பழைய தொண்டர்களுக்கு மரியாதை செய்கிறோம், இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அழைப்பு வந்திருந்தது. என் அம்மா சரோஜா இறந்து நான்கு வருடமாகிறது. பேரைக் கூப்பிட்டதும் மேடையேறி வாங்கிக்கொண்டு, இறங்கிய பிறகுதான் சான்றிதழை வாசித்துப் பார்த்தேன். அம்மாவின் படத்துக்கும் பெயருக்கும் கீழே ‘துப்புரவுச் சேவை’ என்று அழகான எழுத்தில் அச்சடித்திருந்தது.

இப்போதைய தலைவர், முன்னாள் தலைவரின் மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன். அவனிடம் போய்க் காட்டினேன்.

“இதுல துப்புரவுன்னு போட்டிருக்கு.”

“ஆமாண்ணே. பழைய புக்குல அப்படித்தான் லா இருக்கு. அப்பா கையெழுத்தே இருக்கு.”

“கூட்டுனாங்க. அதுக்கு முன்னால ஒன்பது வருஷம் இங்க தினமும் பாடுனாங்க.”

“அப்படியாண்ணே?” என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டான். “ஆனா பாட்டெல்லாம் ஒரு வேலையில்லையேண்ணே, புக்குல ஏத்தறதுக்கு. வாங்க, சாப்பிட்டுப் போங்க.”

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சட்டத்தை அவன் மேசைமேல் வீசிவிட்டு வந்திருப்பேன். அன்பாகச் சாப்பிடக் கூப்பிடுகிறவனை என்ன செய்வது? நடந்தேன்.

நாங்கள் அப்போது இருந்தது பசாருக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் நான்காவது மாடி. லிஃப்ட் மூன்றிலும் ஆறிலும்தான் நிற்கும். நல்லதாகப் போயிற்று, லிஃப்டின் நாற்றம் எங்கள் மாடிக்கு வராது. கடிகாரம் இல்லாத வீடு எங்களுடையது. இருந்த ஒன்றும் நின்றுபோயிருந்தது. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. இருட்டோடு பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். அது அடங்கும்போது பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ சோ எழுந்து மூன்று ஊதுபத்தி கொளுத்துவாள், புகை எங்கள் சன்னல் வழியாக உள்ளே வந்து என்னை எழுப்பும். மாலையில் கீழ் வீட்டு அந்தோணி மாமா குடும்பம் செபமாலை சொல்லும், அதற்குள் நான் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நடுவில், காலை ஆறு மணிக்கு, மலையடியில் இருக்கும் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் என் அம்மாவின் குரல்.

அது இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். மேலே போகும்போது கொஞ்சம் கரகரக்கும். எஸ்டேட் கோயிலில் பெரியவர்கள் பாடியதைக் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்ட பாட்டுகள். தாளில் எழுதிக் கொடுத்தால் அவளால் வாசிக்க முடியாது. ஆனால் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. பசார் முனையில் ரொட்டிக்கடை வைத்திருந்த பாய் சொல்வார், “பாங்குக்கும் அக்கா பாட்டுக்கும் நடுவுல மாவு பிசைஞ்சு முடிச்சிரணும். இல்லன்னா அன்னிக்கு ரொட்டி இல்ல, ரப்பர்.” எதிரில் மீ என்கிற நூடுல்ஸ் விற்ற சீனக் கிழவர், அம்மா இரண்டாவது பாட்டுக்குப் போகும்போதுதான் அடுப்பைப் பற்றவைப்பார். அவர்கள் சாமி வேறு, பாஷை வேறு. அம்மாவின் குரலை வைத்துத்தான் இரண்டு பேரும் கடை திறந்தார்கள்.

பாடுவதற்குக் கோயிலில் ஒன்றும் தருவதில்லை. பூசை முடிந்ததும் ஒரு பொட்டலம் பொங்கலோ சுண்டலோ கொடுப்பார்கள். அதுதான் எனக்கும் தங்கைக்கும் பசியாறல். அதைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நல்ல பொங்கல் அது.

எனக்குப் பதினொரு வயதாகும்போது அப்பா இறந்தார். லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் மேலேயிருந்து மூட்டை சரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்போதைய தலைவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. குரலும் மெதுவானதுதான்.

“தங்கச்சி, வழக்கம் ஒனக்குத் தெரியும். ஒரு வருஷத்துக்குத் தீட்டு. கோயில் பக்கம் வரவேண்டாம். பாட்டுக்கு நாங்க வேற ஏற்பாடு பண்ணிக்கிறோம்.”

அம்மா தலையாட்டினாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. சாவு விழுந்த வீடு, ஒரு வருடம் விலகி நிற்க வேண்டும், பிறகு குளித்து, தேங்காய் உடைத்து, உள்ளே போகலாம். அவ்வளவுதான் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தலைவர் செய்த வேறு ஏற்பாடு ஒரு பெட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. தாமரைபோல் விரிந்த சிவப்புப் பிளாஸ்டிக், நடுவில் சத்தம் வரும் சல்லடை, பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் விரலால் உருட்டும் சிறு சக்கரம். மின்சாரத்தில் செருகினால் பிடுங்கும்வரை சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே பெட்டியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், ஆ சோ வீட்டில். ஒரே மகன் மோட்டார்சைக்கிள் விபத்தில் செத்தபிறகு, அவன் படத்துக்கு முன்னால் அவள் இரவும் பகலும் ஓடவிட்டிருந்த பெட்டி அது. அது புத்தரின் பெயரைச் சொல்லும். ஒரே தொழிற்சாலையில் செய்து, உள்ளே மட்டும் வேறு வேறு சாமியை வைத்து, சீனர் கடைக்கும் தமிழர் கடைக்கும் அனுப்பினார்கள்போல.

அந்த ஒரு வருடமும் அம்மா ஆறு மணிக்கு எங்கள் மாடி நடைவழியில் வந்து நிற்பாள். கைகள் கம்பிமேல் இருக்கும். கோயில் பக்கமிருந்து பெட்டியின் சத்தம் வரும். அம்மாவின் உதடு அசையும், குரல் வராது. ஆ சோ கதவைத் திறந்து பார்ப்பாள். அவள் பேசுவது பசார் மலாய், அம்மா பேசுவதும் அதேதான். ஒரு நாள் ஆ சோ கேட்டாள்.

“ஏன் இப்ப பாடறதில்ல? தொண்டை வலியா?”

“புருஷன் செத்தாச்சு. ஒரு வருஷம் கூடாது.”

ஆ சோ யோசித்தாள். “செத்தபிறகுதானே அதிகமாப் பாடணும்? இல்லாட்டி அவனுக்கு எப்படி வழி தெரியும்?”

அம்மா சிரித்தாள். அப்பா இறந்தபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வருடம் முடிந்தது. எந்த நாள் என்று எனக்கு நன்றாக ஞாபகம், ஏனென்றால் பள்ளிப் புத்தகத்தின் பின்னட்டையில் கோடு போட்டு எண்ணியது நான்தான். அம்மா தலைக்குக் குளித்து, தேங்காயும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம் தொண்டையைச் செருமிச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். பெட்டி ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு முக்காலியில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பூப்போட்டு, சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

“வா தங்கச்சி,” என்றார் தலைவர். “தேங்காய ஒட. சாமிய நல்லாக் கும்புடு. ஆனா பாட்டுக்குப் பெட்டியே போதும்னு கமிட்டில முடிவு பண்ணிட்டோம். அதுக்குச் சளி பிடிக்காது, சுருதி தப்பாது, வீட்ல சாவு விழாது. நாளப்பின்ன தீட்டு கீட்டுன்னு பிரச்சன இல்ல பாரு.”

அம்மா தேங்காயை உடைத்தாள். தலைவர் மேலும் சொன்னார்.

“பசங்க பசியாறலுக்கு என்ன செய்வேன்னு எனக்கும் கவலதான். ஒண்ணு செய். காலையில வந்து கூட்டிக் குடு. பொட்டலம் எப்பவும்போல வாங்கிக்க.”

அன்றைக்கே அம்மா துடைப்பத்தை எடுத்தாள். பெட்டி பாடும், அவள் கூட்டுவாள். சில நாள் கூட்டும்போது தன்னை மறந்து முனகுவாள், பெரிய சத்தமில்லை, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாலும் அவர் காதுக்கு அது மட்டும் எட்டிவிடும். போய், ஒரே ஒரு விரலால், பெட்டியின் சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வருவார். திட்டமாட்டார். அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த விரலை எனக்கு இன்றும் மறக்க முடியவில்லை. எத்தனையோ முதலாளிகளிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன், அடியும் பட்டிருக்கிறேன், அவர்கள் முகமெல்லாம் மறந்துபோயிற்று.

எட்டு மாதம் இப்படிப் போனது. ஒரு மழைநாளில் இடி இறங்கி, கோயில் பெட்டியும் ஆ சோவின் பெட்டியும் சேர்ந்து செத்தன. இரண்டையும் பசாரில் ரேடியோ பழுதுபார்க்கும் பாக் சிக்கிடம் கொண்டுபோகும் வேலை எனக்கு. அவர் நல்ல மனிதர். எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று கேட்டு, ஓட்டின்மேல் காகிதம் ஒட்டி எழுதிக்கொண்டார். ஆனால் இரண்டின் உள்பாகங்களையும் ஒரே மேசையில் பரப்பி வேலை செய்து, மாற்றிப் போட்டு மூடிவிட்டார். மலாய்க்காரர், அவருக்கு அந்த இரண்டு மந்திரமும் ஒன்றுதான். சத்தம் வந்தால் சரி. கோயில் என்று எழுதிய பெட்டியை என் எதிரில் செருகிக் காட்டினார். அது புத்தரை அழைத்தது.

“போலே?” என்றார். சரிதானா என்று.

எனக்குப் பன்னிரண்டு வயது. காது நன்றாகக் கேட்கும். “போலே,” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடம் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். ஒரே நாளில், முதல் பூசையிலேயே, எல்லோரும் திடுக்கிட்டு விழிப்பார்கள், தலைவர் முகம் சிவக்கும், பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்று அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். நான் மட்டும் போய்த் தூணோரம் நின்றேன். பெட்டி பாடியது. தலைவர் கண்மூடி நின்றார். பெண்கள் சுற்றி வந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த குருக்கள், இந்த ஊரில் இப்படியும் ஒரு மந்திரம் வழக்கத்தில் இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அதற்கேற்ப மணியடித்தார். இதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். ஓர் அம்மாள், இப்போதெல்லாம் கேட்க மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்று தலைவரிடம் சொல்லி, அவரும் ஆமாம் என்று தலையாட்டியதை என் காதால் கேட்டேன்.

புத்தர் பெயர் அங்கே கேட்டது எனக்குத் தவறாகப் படவில்லை, இன்றும் படவில்லை. அம்மாவின் குரலுக்குத் தீட்டு பார்த்தவர்கள், அம்மாவின் முனகலைக்கூட விரலால் அமுக்கியவர்கள், மூன்று நாளாக எதையுமே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் பெட்டியையும் கேட்டதில்லை. ஒன்பது வருடம் அம்மாவையும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு அம்மா வந்தாள். துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றாள். பெட்டி ஒரு சுற்றுச் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். அந்த அமைதியில் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். அம்மா ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பாட ஆரம்பித்தாள். இருபது மாதம் சும்மா இருந்த தொண்டை; முதல் வரி உடைந்தது, இரண்டாவது வரியில் பிடித்துக்கொண்டாள். பசாரில் பாய் கையில் மாவோடு தெருவுக்கே வந்து நின்றாராம்.

ஒரு பாட்டு முடிந்தது. அவ்வளவுதான் விட்டார்கள்.

“யாரக் கேட்டுப் பெட்டிய நிறுத்துன?” தலைவரின் குரல் அப்போதும் மெதுவாகத்தான் இருந்தது.

“அண்ணே, இது ஆ சோ வீட்டுப் பெட்டி. அவங்க சாமி பேர சொல்லுது. ஒங்களுக்குக் கேக்கலியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தலைவர் மன்னிக்கவில்லை. பெட்டியைச் செருகி, குனிந்து கேட்டார். நிமிர்ந்தவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். “எடுத்துட்டு வந்தது நீதானடா. தெரிஞ்சுதான் குடுத்தியா?” நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சாமியை அவமானப்படுத்திய குடும்பம் என்று ஆயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலும் அம்மா விழுந்து மன்னிப்புக் கேட்டால் கோயிலுக்கு வரலாம், இல்லையென்றால் கூட்டவும் வேண்டாம் என்றார்கள். நான் அம்மா போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். என் தலையைப் பிடித்துக் குனிய வைத்து, தானும் விழுந்தாள். நெற்றி தரையில் பட்ட சத்தம் கேட்டது. அவள் இத்தனை நாள் கூட்டிய தரை. அவள் விழுந்தது சாமிக்கா, பொட்டலத்துக்கா, எனக்காகவா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லாமல் அவள்மேலேயே கோபப்பட்டேன், வருடக்கணக்காக.

அன்று மாலை ஆ சோவின் பெட்டியை மாற்றிக் கொடுக்கப் போனேன். அவள் வீட்டில் மகனின் படத்துக்கு முன்னால் ‘ஓம் சக்தி’ ஓடிக்கொண்டிருந்தது.

“மாறிப்போச்சு ஆ சோ. மன்னிச்சிருங்க.”

“தெரியுமே. அன்னிக்கே தெரியும்.”

“பிறகு ஏன் நிறுத்தல?”

“இதுவும் சாமியத்தானே கூப்புடுது. என் மகனுக்கு ஸ்கூல்ல எல்லாம் தமிழ்க் கூட்டாளிங்கதான். அவனுக்குப் புரியும் லா.” பிறகு, “ஒங்கம்மாவ வரச் சொல்,” என்றாள்.

அம்மா போனாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் படுத்திருந்தேன். பெட்டியின் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது. ஆ சோ சக்கரத்தை உருட்டியிருக்க வேண்டும். அப்புறம் அம்மாவின் குரல், வெளியே கேட்டுவிடாதபடி தாழ்த்திப் பாடிய குரல். அம்மா பாடிக் கடைசியாக நான் கேட்டது அதுதான். கோயிலில் அவள் பதினான்கு வருடம் கூட்டினாள், முட்டி தேய்ந்து உட்காரும்வரை. வாயைத் திறக்கவில்லை.

பதினைந்து வயதில் நான் பள்ளியை விட்டு மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போனேன். பிறகு லாரி, சிங்கப்பூரில் கப்பல் துடைக்கும் வேலை, ஜொகூரில் கோழிப் பண்ணை. எந்த இடத்திலும் இரண்டு வருடம் தங்கியதில்லை. அம்மா இறந்த சேதி வந்து நான் வந்து சேர்வதற்குள் தங்கை எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தாள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே பசாருக்கு வந்துவிட்டேன். பாயின் கடை இருந்த இடத்தில் குளிரூட்டிய காப்பிக்கடை, வாசலில் படம் எடுத்துக்கொள்ள ஒரு பழைய சைக்கிள். மீ கிழவர் இருந்த மூலையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். பாட்டை வைத்துக் கடை திறக்கிறவர் யாரும் இல்லை. எங்கள் அடுக்குமாடிக்குப் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். பாங்கு இருக்கிறது, அதை இன்னும் ஒரு மனிதர் நின்று சொல்கிறார். கோயிலில் பெட்டிதான். அது மூன்றாவது பெட்டியோ நான்காவதோ.

போக வேறு இடம் இல்லாததால் மலைப் பக்கம் இருக்கும் சாம்பல் மண்டபத்துக்குப் போனேன். சீனர்கள் இறந்தவர்களின் சாம்பலைக் குடத்திலிட்டு, சுவர் மாடத்தில் படத்தோடு வைக்கும் இடம். ஆ சோவும் அவள் மகனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். வாசலில் ஆள் தேவை என்று மலாயில் எழுதி ஒட்டியிருந்தது. கையில் திரும்பிப் போகப் பணம் இல்லை. பார்த்துக்கொள்ளும் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்து, கூட்டத் தெரியுமா என்று கேட்டாள். சான்றிதழைக் காட்டினேன். தமிழ் வாசிக்கத் தெரியாது அவளுக்கு; அதிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

“யாரு?”

“அம்மா. இதே வேலைதான்.”

“நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு,” என்றாள்.

போனேன். கூட்ட வேண்டும், ஊதுபத்திச் சாம்பலை அள்ள வேண்டும், மாடங்களைத் துடைக்க வேண்டும், ஒவ்வொரு கூடத்திலும் இருக்கும் பெட்டி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே தாமரைப் பெட்டி, பக்கத்தில் அதே சக்கரம். முதல் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சீனக் கிழவி வந்தாள். இரண்டு ஆரஞ்சுப் பழத்தை ஒரு படத்துக்கு முன்னால் வைத்தாள், கைகூப்பினாள், பெட்டி சொல்வதையே தன் வாயால் சொல்ல ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது. மூச்சு வாங்க நிறுத்தினாள், பெட்டி நிற்காமல் அவளை முந்திக்கொண்டு போயிற்று. அவள் மறுபடி பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நான் போய் ஒரு விரலால் சக்கரத்தைப் பின்பக்கம் உருட்டினேன். சத்தம் குறைந்து நின்றது. கிழவி என்னைத் திரும்பிப் பார்த்தாள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் சொல்லி முடித்துப் பழத்தை எடுத்துப் பையில் போடும்வரை நான் துடைப்பத்தைத் தரையில் படவிடவில்லை.